விவிலியம் காட்டும் பரிவு: ஒதுக்கப்பட்ட பெண்டிரை முன்வைத்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமய நூல்களையும் இலக்கியமாக வைத்துப் பயிலலாம் என்னும் கொள்கை உடையது நம் வட்டம். அதனை நம்பியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன். சமயப் பரப்புரை என் நோக்கம் அன்று. சமயத்தைப் பழிப்பதும் அன்று. தன் காலத்துச் சமுதாயம் வாயிலுக்குப் புறத்தே நிறுத்திய பெண்களை ஒரு நூல் எவ்வாறு நோக்கிற்று, அந்நோக்கைப் பின்வந்தோர் காத்தனரா, இழந்தனரா என்பதே நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வினா. கதைகள் பலவும் நீங்கள் அறிந்தவையே. அறிந்த கதைகளில் நாம் நோக்காது கடந்துவிடும் சில நுட்பங்களையே இன்று சுட்ட விழைகின்றேன்.

பரிவு என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டின் மொழியாகிய எபிரேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'ரஹமீம்' என்பது. தாயின் கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்னும் சொல்லோடு அது ஒரே வேரில் பிறந்தது. ஆகவே இரக்கம் என்பது மேலிருந்து கீழ்நோக்கி இடும் பிச்சை அன்று. தன் உடலுள் மற்றோர் உயிருக்கு இடம்கொடுத்தலாகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கமோ மனம் இளகுதலைக் கூற, குடலைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்த வினையொன்றைக் கையாளுகிறது. 'வயிறு பதறிற்று', 'குடல் துடித்தது' என்று நாம் பேச்சில் கூறுவதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

இவ்வினை நற்செய்தி நூல்களில் தனியொரு பெண்ணை நோக்கி ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. நாயீன் என்னும் ஊரின் வாயிலில், தன் ஒரே மகனின் பாடைக்குப் பின்னே நடந்துவரும் கைம்பெண்ணைக் கண்டபோது இயேசுவுக்கு அவ்வுள்ளத் துடிப்பு உண்டாயிற்று என்கிறார் லூக்கா. அப்பெண் எதுவும் கேட்கவில்லை. அவருடைய நம்பிக்கையைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் யாரும் வினவவில்லை. கணவனையும் மகனையும் இழந்த பெண்ணுக்கு அக்காலத்தில் வாழ வழியே இல்லை. அதனைக் கண்ட கண்ணே போதுமானதாயிற்று. 'காணுதல்' என்னும் இச்செயலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் உரை முழுவதும் அதனைச் சுற்றியே அமையும்.

பாலைவனத்தில் ஒரு பெயர்

பரிவின் இக்கதை புதிய ஏற்பாட்டில் தொடங்கியது அன்று. யூத மரபைக் கல்நெஞ்ச மரபாகக் காட்டி, அதன்மேல் இயேசுவை நிறுத்திப் பேசுவது மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. இயேசு ஒரு யூதர்; அவர் பயின்ற நூல் எபிரேய வேதமே. அறுவடையில் சிந்திய கதிரைக் கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் அயலானுக்கும் விட்டுவிடப் பணித்தது அந்த வேதம்.

அதன் முதல் நூலாகிய தொடக்க நூலில் ஆகார் என்னும் எகிப்திய அடிமைப் பெண் வருகிறார். தலைவி சாராள் கொடுமைப்படுத்த, கருவுற்ற நிலையில் பாலைவனத்திற்கு ஓடிவிடுகிறார். அக்கதையைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். ஆபிரகாமும் சாராளும் தம் பேச்சில் ஒருமுறையேனும் அவர் பெயரைக் கூறுவதில்லை; 'அடிமைப்பெண்' என்றே சுட்டுகின்றனர். அவரை முதன்முதல் பெயர்சொல்லி விளித்தது, நீரூற்றின் அருகே அவரைக் கண்ட வானதூதரே. விவிலியத்தில் ஆண்டவரின் தூதர் என்பவர் முதலில் தோன்றுவதும் இவ்விடத்தில்தான். அதனினும் வியப்பு, ஆகார் மறுமொழியாகக் கடவுளுக்கு ஒரு பெயரிடுகிறார். தன்னைக் காண்கின்ற இறைவன் என்பது அப்பெயரின் பொருள். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயரிட்டவராக நாம் முதலிற் காண்பது குலத்தலைவரையோ குருவையோ அன்று. பெயர்சொல்லி அழைக்கப்படாத ஓர் அடிமைப் பெண்ணையே.

அடுத்து, மத்தேயு தம் நற்செய்தியைத் தொடங்கும் இடத்திற்கு வருவோம். அது ஒரு வம்ச வரிசை. பெரும்பாலோர் படியாது புரட்டிவிடும் பக்கம். தந்தையர் பெயர் மட்டுமே நிரலாக வரவேண்டிய அவ்விடத்தில், மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் இடம்பெறுகின்றனர். சாராளோ ரெபேக்காளோ இராகேலோ அல்லர். விலைமகள்போல் முக்காடிட்டு வழியோரம் அமர்ந்த தாமார். எரிகோ நகரத்து விலைமகள் இராகாபு. பத்தாம் தலைமுறை வரையிலும் சபைக்குள் வரலாகாது என்று சட்டம் விலக்கிய மோவாபிய இனத்து ரூத்து. பிறகு உரியாவின் மனைவி. இறுதியாகக் குறிப்பிட்டவரின் பெயரை மத்தேயு எழுதவில்லை. கணவனின் பெயரால் சுட்டுகிறார். அதனால் தாவீதின் குற்றம் மறைக்கப்படாமல் வம்ச வரிசையிலேயே நின்றுவிடுகிறது. கறையாகக் கருதப்பட்டவர்களை வரிசையினின்று நீக்கித் தூய்மை காட்டுவது மரபு. அவர்களை வரிசையில் வைத்துக் காட்டியது மத்தேயுவின் துணிவு.

இவர்களுள் தாமாரின் கதையைச் சற்று நினைவிற் கொள்ளுங்கள். கைம்பெண்ணாகிய அவர் கருவுற்றார் என்று கேட்டதும், அவரை வெளியே கொணர்ந்து எரித்துவிடுமாறு ஆணையிட்டவர் மாமனார் யூதா. கருவுக்குக் காரணமானவர் தாமே என்பதை அறியாமல் இட்ட ஆணை அது. அடையாளமாக வாங்கி வைத்திருந்த முத்திரையையும் கயிற்றையும் கோலையும் தாமார் அனுப்பினார். யூதா அவற்றை அறிந்துகொண்டார். தம்மைவிட அப்பெண்ணே நீதியுடையவர் என்று ஒப்புக்கொண்டார். குற்றம் சாட்டியவனே குற்றவாளி என்று வெளிப்படும் இக்காட்சி, எருசலேம் கோவிலில் வேறு வடிவில் மீண்டும் நிகழப்போகிறது.

தொட்ட கை

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திற்குச் செல்வோம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண்ணின் கதை அது. லேவியர் நூலின் விதிப்படி அந்நிலையிலுள்ள பெண் தீட்டுடையவர். அவர் படுத்த பாயும் அமர்ந்த இருக்கையும் தீட்டு. அவற்றைத் தொட்டவர் மாலைவரை தீட்டு. பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு வாழ்தல் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். நோயினும் தனிமையே பெருந்துன்பமாக இருந்திருக்கும்.

இக்கதையை மாற்கு சொல்லும் முறையில் தமிழர்க்கு ஒரு தனிச் சுவை உண்டு. கிரேக்க மூலத்தில் அப்பெண்ணின் வரலாறு முழுவதும் ஒரே தொடராக வருகிறது. இரத்தப்போக்கு உடையவராய், மருத்துவர் பலரிடம் துன்பப்பட்டு, கைப்பொருளை எல்லாம் இழந்து, பயனொன்றும் பெறாது, மேலும் நலிந்து, இயேசுவைப் பற்றிக் கேள்வியுற்று, கூட்டத்தினூடே பின்புறமாக வந்து, என ஏழு எச்சங்கள் அடுக்கி வர, இறுதியில் ஒரே ஒரு வினைமுற்று: தொட்டார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதனைத் துண்டுதுண்டாக உடைத்தே பெயர்க்க வேண்டியுள்ளது. வினையெச்ச அடுக்கைத் தனக்கே உரிய அழகாகக் கொண்ட தமிழுக்கோ அது இயல்பாக வாய்க்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளின் சுமை முழுவதும் எச்சங்களாக நின்று, அந்தத் தீண்டல் ஒன்றில் முற்றுப் பெறுகிறது. விலக்கப்பட்டவர் தாமே கைநீட்டிய செயல் அது என்பதை இலக்கணமே அறிவித்துவிடுகிறது. இதே கதையைக் கூறும் லூக்காவை மருத்துவர் என்பது மரபு. மருத்துவர்களைப் பற்றிய மாற்கின் கடுமையை அவர் மென்மைப்படுத்திவிடுவது புன்முறுவலோடு நோக்கத்தக்கது.

நலம்பெற்ற அப்பெண் எவர்க்கும் தெரியாமல் சென்றிருக்கலாம். இயேசு அவ்வாறு விடவில்லை. தம்மைத் தொட்டவர் யாரென்று கேட்டு நின்றார். உடன் நின்றவர் யாயிர் என்னும் தொழுகைக்கூடத் தலைவர். சாகக் கிடக்கும் தம் மகளுக்காக அவரை அழைத்துச் செல்பவர். ஒவ்வொரு நொடியும் அருமையான அந்நேரத்தில் ஏன் நிற்க வேண்டும்? உடல் நோய் தீர்ந்தது. ஊரார் விலக்கு இன்னும் தீரவில்லை. அது மறைவில் தீரக்கூடியதும் அன்று. அப்பெண் நடுங்கியபடி முன்வந்து முழு உண்மையையும் கூறினார். இயேசு அவரை 'மகளே' என்று விளித்தார். நற்செய்தி நூல்களில் தனியொரு பெண்ணை இயேசு இவ்வாறு விளிப்பது இந்நிகழ்ச்சியில் மட்டுமே. யாயிரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. இப்பெண்ணின் நோய்க்கும் வயது பன்னிரண்டு. தந்தை உள்ள மகளுக்காக விரைந்து சென்றவர், தந்தையென எவரும் வந்து பரிந்து பேசாத மற்றொரு மகளுக்காக வழியில் நின்றார். மாற்கு இரு கதைகளையும் ஒன்றனுள் ஒன்றாக வைத்ததன் கருத்து இதுவே எனலாம்.

சீமோன் வீட்டு விருந்து

லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பரிசேயர் சீமோன் இயேசுவை விருந்துக்கு அழைக்கிறார். அக்கால வழக்கப்படி விருந்தினர் ஒருபுறமாகச் சாய்ந்து, கால்களைப் பின்னே நீட்டி உணவருந்துவர். அவ்வூரில் பாவியெனப் பெயரெடுத்த ஒரு பெண் நறுமணத் தைலச் சிமிழோடு வந்து, அக்கால்களின் அருகே நின்று அழுதார். கண்ணீரால் கால்கள் நனைந்தன, கூந்தலால் துடைத்தார், முத்தமிட்டார், தைலம் பூசினார். அவர் செய்த பாவம் எதுவென்று லூக்கா சொல்லவில்லை. விலைமகள் என்று முடிவுகட்டியவர்கள் பின்வந்த உரையாசிரியர்களே.

சீமோன் வாய்திறக்கவில்லை; உள்ளத்தில் மட்டும் எண்ணினார். இவர் இறைவாக்கினராக இருந்தால், தம்மைத் தொடுபவர் எத்தகையவர் என்று அறிந்திருப்பாரே என்பது அவ்வெண்ணம். இயேசு அவ்வெண்ணத்திற்கே விடை கூறுகிறார். கடன்பட்டோர் இருவர்; ஒருவர் ஐந்நூறு தெனாரியமும் மற்றவர் ஐம்பதும் தரவேண்டும். ஒரு தெனாரியம் ஒருநாட் கூலி. இருவர்க்கும் கொடுக்க வகையில்லாமையால் கடன் கொடுத்தவர் இருவரையும் விடுவித்தார். மிகுதியாக அன்புசெய்பவர் யார் என்பது வினா. மிகுதியாக விடுவிக்கப்பட்டவர் என்று சீமோன் சொல்லித் தீரவேண்டியதாயிற்று. ஐம்பது பெற்றவரும் கடனாளியே என்பதை அவர் அப்போது உணர்ந்தாரோ இல்லையோ, படிப்பவர் உணர்ந்துவிடுகிறார்.

இதற்குப்பின் லூக்கா எழுதும் ஒரு சிறு குறிப்பே இக்கதையின் உயிர்நாடி. இயேசு அப்பெண்ணின் பக்கம் திரும்பியவாறே சீமோனிடம் பேசினார் என்கிறார். சொல் சீமோனுக்கு, முகம் அப்பெண்ணுக்கு. இப்பெண்ணைப் பார்க்கிறீரா என்று கேட்டார். எளிய வினாதான்; ஆனால் சீமோன் அதுவரை அவரைப் பார்க்கவே இல்லை. அவர் கண்டது ஒரு வகையை. 'எத்தகையவர்' என்பதையே கண்டார், 'இவர்' என்பதைக் காணவில்லை. வீட்டுக்காரர் கால் கழுவ நீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலைக்கு எண்ணெய் பூசவில்லை. விருந்தோம்பலின் அறம் முழுவதையும் நிறைவேற்றியவர் அழையாது வந்த அப்பெண்ணே. விருந்தோம்பலைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவர்க்கு இதன் கூர்மை எளிதில் விளங்கும். இயேசு அவர்க்கு இரங்கினார் என்பதோடு கதை நிற்கவில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுமாறு ஓர் அறிஞரைப் பணித்தார். பரிவு மதிப்பாக உயரும் இடம் இது.

நண்பகற் கிணறு

யோவான் நற்செய்தியில் இரவு நேரத்தில் நிக்கதேம் என்னும் யூதத் தலைவர் இயேசுவைத் தேடி வருகிறார். பெயர் உண்டு, பதவி உண்டு, கல்வி உண்டு. ஆயினும் உரையாடலின் நடுவே அவர் குரல் ஓய்ந்துவிடுகிறது. அடுத்த அதிகாரத்தில் நண்பகல், யாக்கோபின் கிணறு, பெயரில்லாத ஒரு சமாரியப் பெண். கெரிசிம் மலையிலிருந்த சமாரியர் கோவிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்தார், அப்பகை அணையவில்லை. அயல் இனத்தவர், பெண், ஐந்து கணவரைக் கண்டவர் என மூவகை விலக்கு அவர்மேல் உண்டு.

அவ்வம்மையாரை ஒழுக்கமற்றவர் என்று கூறாத விரிவுரை அரிது. கதையோ அவ்வாறு கூறவில்லை. மணவிலக்குச் சீட்டு எழுதும் உரிமை மோசேயின் சட்டத்தில் கணவனுக்கே இருந்தது. பிள்ளையின்றிக் கணவன் இறந்தால் அவன் உடன்பிறந்தானை மணக்க வேண்டும் என்பதும் சட்டம். ஐந்து கணவர் என்பது ஐந்துமுறை கைவிடப்பட்டதாகவோ, ஐந்துமுறை கைம்மை உற்றதாகவோ இருக்கலாம். இயேசு அச்செய்தியைக் கூறினார், அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை, மன்னிப்பும் அறிவிக்கவில்லை. வழிபட வேண்டிய இடம் கெரிசிமா, எருசலேமா என்று அவர் வினவ, இயேசு அவரோடு இறையியல் பேசினார். தாமே மெசியா என்பதை யோவான் நற்செய்தியில் வெளிப்படையாக முதலில் அறிவித்ததும் அவரிடமே. திரும்பி வந்த சீடர் வியந்தனர். அவ்வியப்பு அவர் சமாரியர் என்பதற்காக அன்று, பெண் என்பதற்காகவே என்று யோவான் குறிப்பிடுகிறார். அம்மையார் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் சென்றார். ஊரே திரண்டு வந்தது. நீர் கேட்டு அவரிடம் கைநீட்டியவர் இயேசு என்பதையும் மறத்தலாகாது. கொடுப்பவராக அன்றிக் கேட்பவராகத் தொடங்கிய பரிவு அது.

கல்லும் மணலும்

இனி, எல்லோர்க்கும் தெரிந்த காட்சி. விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்ட பெண்ணைக் கோவிலுக்குக் கொணர்ந்து நடுவே நிறுத்துகின்றனர். கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள் என்றால் ஆண் எங்கே? லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் இருவர்க்கும் ஒரே தண்டனையையே விதித்தன. ஒருவரை விட்டு ஒருவரை இழுத்து வந்தபோதே சட்டம் மீறப்பட்டுவிட்டது. சட்டத்தைக் காக்க வந்தவர்கள் சட்டத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தனர். அவர்கள் நோக்கம் அப்பெண்ணும் அன்று, இயேசுவைச் சிக்கவைப்பதே. ஓர் உயிர் அங்கே வெறும் வினாத்தாள் ஆயிற்று.

இயேசு குனிந்து தரையில் எழுதினார். எழுதியது எது என்று நூல் கூறவில்லை, ஊகங்கள் பல. எழுதியது எதுவாயினும், குனிந்ததன் விளைவு ஒன்று உண்டு. கூட்டத்தின் கண்கள் அனைத்தும் அப்பெண்ணைவிட்டு அவர் விரலுக்குச் சென்றிருக்கும். நடுவில் நிறுத்தப்பட்டவர்க்கு முதன்முதலாகக் கிடைத்த மறைப்பு அது. பார்த்தல் பரிவாவது போலப் பார்க்காதிருத்தலும் சிலவேளை பரிவாகிறது.

முதற்கல்லைச் சாட்சிகளே எறிய வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் விதி. அவ்விதியையே அவர் அவர்களிடம் திருப்பி அளித்தார்; பாவம் இல்லாத சாட்சி என்னும் ஒரு தகுதியை மட்டும் சேர்த்தார். முதியவர் தொடங்கி ஒவ்வொருவராக வெளியேறினர். அவ்வாறு வெளியேறியது அவர்களின் பெருமையே என்றும் கூறலாம். மனச்சான்று செத்தவன் கல்லைக் கீழே போடமாட்டான். கொலைத் தண்டனை அரிதாக வேண்டும் என்னும் எண்ணம் யூத அறிஞரிடையேயும் வளர்ந்தது. ஏழாண்டில் ஒருவரைக் கொல்லும் மன்றம்கூட அழிவு மன்றம் எனப்படும் என்று மிஷ்னா பதிவு செய்கிறது.

இறுதியில் இருவர் மட்டும் நின்றனர். அதுவரை அப்பெண்ணிடம் யாரும் பேசவில்லை. அவரைப் பற்றியே பேசினர். முதலில் பேசியவர் இயேசு. அதுவும் ஒரு வினாவாக. வினா என்பது விடை கூறும் உரிமையையும் அளிப்பது. தீர்ப்பிட யாரும் இல்லை என்பதை அவர் வாயாலேயே கூறவைத்து, தாமும் தீர்ப்பிடவில்லை என்றார். பாவத்தை விடுமாறு கூறியது அதற்குப் பின்னரே. இவ்வரிசை மாறினால் பரிவு பேரமாகிவிடும். திருந்தினால் மன்னிப்போம் என்பது நம் வழக்கம். இங்கே விடுதலை முந்துகிறது, அறிவுரை பிந்துகிறது.

இப்பகுதிக்கு விந்தையான வரலாறு உண்டு. யோவான் நற்செய்தியின் மிகப் பழைய பாப்பிரசுப் படிகளிலும், நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளிலும் இது இல்லை. ஐந்தாம் நூற்றாண்டு அளவினதாகிய பேசா சுவடியில் உள்ளது. சில படிகள் இதனை லூக்கா நற்செய்தியில் வைத்துள்ளன. யோவான் எழுதியது அன்று என்பதே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் முடிபு. ஆயினும் புனித அகுஸ்தீன் இதனைப் பற்றிக் கூறிய ஒரு காரணம் சிந்திக்கத்தக்கது. தம் மனைவியர் இதனைப் படித்துப் பாவத்திற்கு உரிமை பெற்றதாக எண்ணுவர் என அஞ்சிய சிலரே இதனைப் படிகளினின்று நீக்கினர் என்பது அவர் கருத்து. சுவடியியலின்படி அவர் கூறியது சரியா என்பது வேறு. பரிவைக் கண்டு அஞ்சுவோர் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இருந்தனர் என்பதற்கு அவர் சான்று. மூலத்தில் இல்லாத ஒரு கதையைப் படியெடுத்தோர் எங்கேனும் வைத்துக் காக்கத் துடித்தனர் என்பதற்குச் சுவடிகளே சான்று. இவ்விரண்டு துடிப்புகளும் இன்றுவரை ஓயவில்லை.

இழந்த பெயர்

பெருமக்களே, இதுவரை ஒளியைக் காட்டினேன். நிழலையும் காட்டாவிடில் நேர்மை ஆகாது. நீதித் தலைவர்கள் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் கூட்டத்திடம் தள்ளப்பட்டு மாண்ட பெண்ணுக்கு வானதூதர் எவரும் வரவில்லை. எசேக்கியேல் நூல் வழிதவறிய நாட்டைக் கெட்ட பெண்ணாக உருவகித்துத் தண்டிக்கும் பகுதிகள் இன்றும் நெஞ்சை உறுத்துவன. சீரிய பெனிசியப் பெண் தம் மகளுக்காக மன்றாடியபோது இயேசு முதலில் கூறிய விடையும் கடுமையானதே. அப்பெண் அவ்விடையையே தம் வாதமாகத் திருப்பினார். அச்சொல்லை முன்னிட்டே வேண்டுகோள் நிறைவேறியது என்று மாற்கு எழுதுகிறார். பெண்ணிடம் வாதில் விட்டுக்கொடுத்தவராகத் தம் தலைவரைக் காட்ட நூல் நாணவில்லை.

நூல் நாணாததை நிறுவனம் நாணிற்று. மகதலா மரியாவை எண்ணுங்கள். ஏழு பேய்களினின்று விடுபட்டவர் என்பதும், தம் உடைமையால் இயேசுவின் குழுவுக்குப் பணிசெய்தார் என்பதும் லூக்கா தரும் செய்திகள். சிலுவையருகே நின்றவர், உயிர்த்தெழுந்தவரை முதலிற் கண்டவர். பெண்ணின் சாட்சியம் மன்றில் ஏலாது என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதினார். அத்தகைய காலத்தில் கிறித்தவத்தின் அடிப்படைச் செய்தி ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லாகப் புறப்பட்டது. தோட்டத்தில் அவர் இயேசுவை அடையாளம் கண்டுகொண்டது எவ்வாறு? தம் பெயரைச் சொல்லி அழைக்கக் கேட்டபோது. ஆகாரின் பாலைவனம் நினைவுக்கு வருகிறதன்றோ?

591ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரி தம் மறையுரையொன்றில், சீமோன் வீட்டுப் பெண்ணும் பெத்தானியா மரியாவும் மகதலா மரியாவும் ஒருவரே என்றார். அன்றிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேலைத் திருச்சபையின் ஓவியங்களில் முதற்சாட்சி, அழும் விலைமகள் ஆனார். 1969இல் உரோமை வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அவ்விணைப்புக் கைவிடப்பட்டது; 2016இல் சூலை 22ஆம் நாள், திருத்தூதர்களுக்கு இணையாக அவர்தம் விழாவாக உயர்த்தப்பட்டது.

இது வெறும் பெயர்க்குழப்பம் என்று விட்டுவிடுதற்கில்லை. அயர்லாந்தில் 'மகதலேன்' என்னும் பெயரால் காப்பகங்கள் அமைந்தன. மணமாகாது கருவுற்றோர், வன்கொடுமைக்கு ஆளானோர், ஏழைகள், அநாதைகள் எனப் பலவகைப் பெண்கள் அங்கே அடைக்கப்பட்டுக் கூலியின்றித் துணி வெளுத்தனர். 1922ஆம் ஆண்டுக்குப் பின் மட்டும் ஏறத்தாழ 10,000 பேர் அங்கிருந்தனர் என 2013இல் வெளிவந்த அரசு ஆய்வறிக்கை கூறிற்று. 1993இல் டப்ளின் நகரில் அத்தகைய காப்பகம் ஒன்றின் நிலம் விற்கப்பட்டபோது 155 பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. இறுதிச் சலவைக்கூடம் 1996இல் மூடப்பட்டது. 2013இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அங்கே நுழைந்த பெண்கள் பலர்க்கு வேறு பெயர் இடப்பட்டது. சொந்தப் பெயரால் அழைக்கப்படவில்லை. பெயர்சொல்லி அழைக்கப்பட்டதால் கண்திறந்த ஒருவரின் பெயரைக் கதவில் எழுதிவைத்து, உள்ளே நுழைந்தோரின் பெயரைப் பறித்தனர். இரக்கம் என்னும் சொல்லை மறவாதவர்களே இதனைச் செய்தனர் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகிறது. இரக்கம் இருந்தது, காணுதல் இல்லை. சீமோனின் கண் போதுமென்று இருந்துவிட்டனர்.

தமிழ் எடுத்த முடிவு

நிறைவாக, நம் மொழிக்கு வருகின்றேன். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சை நிறைவு செய்தார். அன்றுமுதல் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஒரு சிக்கலைச் சந்தித்திருக்க வேண்டும். கிரேக்கத்தின் முன்னிலை ஒருமையில் உயர்வு தாழ்வு இல்லை. தமிழிலோ 'நீ' என்பதா, 'நீர்' என்பதா, 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத இயலாது. பெண்ணை விளிக்க யோவான் வழங்கும் கிரேக்கச் சொல் மரியாதைக் குறைவானது அன்று. தம் தாயையும் இயேசு அதே சொல்லால் அழைக்கிறார். நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'ஸ்திரீயே' என்று தந்து, பிடிபட்ட பெண்ணை 'நீ' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அம்மா' என்று விளித்து, 'நீர்' என்றது. கதை கூறும் குரலும் 'அவர்' என்றே சுட்டியது. பழைய மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை. அக்கால வழக்கு அது. ஆயினும், ஊர் நடுவே கல்லுக்கு முன் நிற்கும் ஒரு பெண்ணை 'அம்மா' என்று அழைக்கத் தமிழ் துணிந்தபோது, மூலத்தின் உள்ளம் தமிழில் முழுமையாக வந்து சேர்ந்தது என்பேன்.

என் உரையில் இப்பெண்களை எங்கும் 'அவர்' என்றே குறிப்பிட்டேன், நீங்கள் கவனித்திருக்கக்கூடும். சமயம் எதுவாயினும், சமயமே இல்லாதவராயினும், நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவு அது. ஊர் ஒதுக்கிய ஒருவர் நம்முன் வரும்போது நம் நாவில் எழும் விளி எது? அவரைப் பற்றிப் பேசுகிறோமா, அவரோடு பேசுகிறோமா? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா? இலக்கியம் பயிலுவோர் சொல்லின் எடையை அறிந்தவர்கள். ஓர் எழுத்தின் வேறுபாட்டில் ஒரு மனித உயிர் தாழவும் நிமிரவும் கூடும் என்பதை நாமே அறியாவிட்டால் வேறு யார் அறிவார்?